ரதிக்காக ஏந்திய மடி

என் மகள் ரதியின் முகம் அந்த வருஷம் வட்டமாகிக்கொண்டே போனது. காண்கிறவர்கள் எல்லாம், "பிள்ளை நல்லாத் தேறிட்டாள்" என்று கன்னத்தைக் கிள்ள வருவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். அது சோற்றில் வந்த சதை இல்லை, மாத்திரையில் வந்த வீக்கம் என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

எண்பத்தொன்றாம் வருஷம் வேலூரில் என் சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்து அவளுக்குள் வைத்தார்கள். அந்தப் பயணத்தில் என் சீதனக் காணி முழுதாகப் போயிற்று. போகட்டும். காணியை மடியில் வைத்துத் தாலாட்ட முடியாது. ஒன்பது வயதுப் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்தாள். பலாங்கொடைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் என் கணவர் சரவணமுத்து பெரிய கிளாக்கர். அந்தக் குவாட்டர்ஸுக்கு அவளைக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, யன்னலுக்குத் திரை போட்டு வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ரதி என்னுடைய கனவுகளைக் காணத் தொடங்கினாள். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். யாழ்ப்பாணத்தை அவள் கைக்குழந்தையாகத்தான் பார்த்தவள். ஆனால் காலையில் எழும்பி, "அம்மா, ஒரு துலாக் கிணறு. வாளிக்குள்ள ஒரு சின்ன மீன் வந்திட்டுது. நீங்க அதைத் திருப்பி ஊத்தினீங்க" என்பாள். மீனைத் திருப்பி ஊற்றியது எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கணவரிடம் சொன்னேன். "மகா, நீர் நித்திரையில பிசத்தியிருப்பீர், பிள்ளை கேட்டிருக்கும்" என்றார். பேரேட்டோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும். எனக்கு வேண்டியிருக்கவில்லை. இடுப்பில் வெட்டுத் தழும்புக்குக் கீழே எனக்கு எப்போதும் ஒரு வெறுமை, காற்று நுழைந்து போவது மாதிரி. அந்த இடத்தில் சுருக்கென்றால் ரதிக்குத் தண்ணீர் விடாய்க்கிறது என்று அர்த்தம். நான் அடுப்படியிலிருந்தே செம்பை எடுத்துக்கொண்டு போவேன்.

வேலூர் டொக்டர் போகும்போது ஒன்று சொல்லித்தான் அனுப்பினார். வீட்டுக்கு ஒரு புது விருந்தாளி வந்திருக்கிறார். நாய் அவரைக் கடிக்காமல் இருக்க நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து வைத்திருக்கிறோம். கள்ளன் வந்தாலும் அந்த நாய் குரைக்காது. கள்ளன் என்றால் சளி, காய்ச்சல், சின்னமுத்து எல்லாம்தான். எல்லாக் கள்ளனிலும் பெரிய கள்ளன் சின்னம்மை என்றார், எங்கள் ஊர்ப் பேச்சில் கொப்புளிப்பான். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு லீவு. ரதிக்கு வந்தால் ஈரலுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிடும். "அந்த நோய் உள்ள ஆளோட இருந்துட்டாள்னு தெரிஞ்சா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க. கொப்புளம் வந்தப்புறம் ஓடிப் பிரயோசனம் இல்லை" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது என் தலைக்குள் ஆணி அடித்த மாதிரி இருந்தது.

ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்த நோய்க்கு அந்தப் பெயர் இல்லை. அங்கே அம்மன் வருவாள். வந்தவளை வந்தாள் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. டிஸ்பென்சரிக்குப் போய்ச் சொல்லக் கூடாது. வேப்பிலை ஒன்றைக் கதவில் செருகிவிட்டு உள்ளே அடங்கி இருப்பார்கள். தலைக்குத் தண்ணீர் வார்த்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். இந்த மழை மலையில் வேம்பு நின்று பிடிக்காது. என் குவாட்டர்ஸின் பின்பக்கம் நான் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்த ஒன்று மட்டும் நோஞ்சானாய் நின்றது. யாராவது ஒரு கொப்பை முறித்தால் அம்மன் எங்கோ வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால் காலையில் தேத்தண்ணி குடிக்கும் முன்பே போய் அந்த மரத்தைப் பார்ப்பேன். சாமி கும்பிடப் போகிறேன் என்று கணவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாள்களில் எனக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. வீட்டு வேலைக்கு வருகிற அங்கம்மா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து தினமும் ஏறி வந்து, கையை டெட்டோலில் கழுவி, ரதியோடு மட்டும் குழைந்து குழைந்து பேசுகிறவள். என்னோடு பேசுவது அளந்துதான். "காலில விழுந்து கூப்பிடட்டும் எண்டு நிக்கிறாள் போல" என்று நான் பாத்திரத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை பனிமூட்டம் மரத்தைப் பாதி விழுங்கியிருந்தது. கிட்டப் போனேன். தாழ்ந்த கொப்பு ஒன்று முறிந்திருந்தது. முறிந்த இடம் காய்ந்து கறுத்திருந்தது. இரண்டு நாள் மழையில் நான் மரத்தடிக்கு வராமல் இருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. எட்டி முறித்த உயரம் பெரியவர்களின் உயரம் இல்லை.

ரதி கட்டிலில் கண்ணைத் திறந்தும் திறக்காமலும் கிடந்தாள்.

"ரதி, வேப்பங்கொப்பை ஆர் முறிச்சது?"

"நான்தான்." அவள் கனவைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "நீங்க பகல் நித்திரை கொண்டீங்க. பூவாயி வேலிக்கு வெளியில நிண்டது. அங்கம்மா தலை முழுக இலை வேணுமாம். நான் முறிச்சுக் குடுத்தன். பிறகு ரெண்டு பேரும் மரத்துக்குக் கீழ இருந்து கதைச்சம். மழை வந்தது. ஒரே சாக்கைத் தலையில போட்டு அதுக்குள்ள நிண்டம்."

பூவாயி அங்கம்மாவின் மகள். ரதியின் வயதுதான்.

செருப்பைப் போட்டேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. தேயிலைச் சரிவில் நான் இறங்கிப் போனது ஓடியதா மிதந்ததா என்றும் சொல்ல முடியாது. மூட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களின் தலைகள் மட்டும் வெள்ளைக்கு மேலே மிதந்தன. ஒரு தலை "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டது.

லயத்து வரிசையில் கடைசி அறை, அங்கம்மாவின் காம்பரா. அதன் கதவில் என் மரத்தின் இலை தொங்கியது. அங்கம்மா வெளியே வந்தாள். முகம் முழுக்கப் பொருக்கு உதிர்ந்த வெளிறிய புள்ளிகள். கூந்தலை முடியாமல் விரித்துவிட்டிருந்தாள்.

"அங்கயே நில்லுங்கம்மா. உள்ள வராதீங்க."

"உனக்கா வந்தது?"

"எனக்கு எறங்கிருச்சுங்க. முந்தாநா தலைக்கு ஊத்துனேன்." குரலைத் தாழ்த்தினாள். "நேத்துலருந்து பூவாயிகிட்ட வந்திருக்காங்க."

கொப்புளம் வரும் முதல் நாளே அது தொற்றும். நேற்றுப் பூவாயிக்குக் கொப்புளம் என்றால், முந்தாநாள் அந்தச் சாக்குக்குள் ரதிக்கு மூச்சுக்கு மூச்சு அது போயிருக்கும். நான் கத்தினேன். லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை! ரதிக்கு இது ஆகாது எண்டு நான் உனக்குச் சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க. அதனாலதாங்க உங்க வீட்டுப் பக்கமே வராம கெடந்தேன். அங்கிட்டுப் போகாதன்னு பூவாயிக்கும் சொல்லித்தான் வச்சிருந்தேன். ஆத்தா வந்தத வாயால சொல்லலாமாங்க? சொன்னா இன்னும் கோவமா வெளையாடும். நா எப்புடிங்க சொல்லுவேன்?"

அவள் எங்களைக் காப்பாற்றத்தான் வராமல் இருந்தாள். அதே பக்தியால்தான் சொல்லாமலும் இருந்தாள். எனக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. திரும்பி மலையேறினேன்.

தன் மேசை இருக்கிற தோட்டக் கந்தோரிலிருந்து கணவர் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் எடுத்தார். டொக்டர் இரத்தினசபாபதி எங்கள் ஊர்க்காரர். வேலூர்க் கடிதங்களை வைத்து ரதியைப் பார்த்துக்கொள்பவர். ரிசீவரை நான் வாங்கினேன். கடலுக்கு அடியிலிருந்து பேசுகிறவர் போல அவருடைய குரல் கேட்டது.

"தங்கச்சி, அதுக்கெண்டு ஒரு ஊசி இருக்கு. அது இஞ்ச இல்லை, கொழும்பிலயும் இல்லை, நான் முந்தியே கேட்டனான். ஆனா ஒரு வழி இருக்கு. அண்மையில அந்த வருத்தம் வந்து மாறின ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவையின்ர இரத்தத்தைத் தெளிய விட்டு, மேல நிக்கிற மஞ்சள் தண்ணியை ரதிக்கு ஏத்துவம். எதிர்க்கிற சத்து அதிலதான் இருக்கு. இரத்தக் குறூப் பொருந்தவேணும். பொருந்தினா பிள்ளை தப்பும். இண்டைக்கே வரவேணும்."

கணவர் கொழுந்து லொறியைக் கேட்டு எடுத்தார். ரதியைக் கம்பளியால் சுற்றி முன் சீட்டில் அவர் பக்கத்தில் இருத்திவிட்டு, லொறியை லயத்து வளைவில் நிறுத்தச் சொல்லி, நான் மறுபடியும் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அங்கம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கண் கலங்கியது. ஆனால் தலை இல்லை என்று ஆடியது.

"ஆத்தா இருக்கிற வீட்டுலருந்து ஒண்ணும் வெளிய போகக் கூடாதுங்கம்மா. உப்புகூட யாருக்கும் குடுக்கமாட்டோம். நெருப்பு குடுக்கமாட்டோம். ஒடம்பு ரத்தத்த எப்புடிங்க குடுப்பேன்? எம் புள்ள ஒடம்புல ஆத்தா நிக்கிறாங்க. நா குடுத்துட்டு வந்து, இவளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

பக்கத்துக் காம்பராக்களின் கதவுகள் ஒருக்களித்துத் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே பயம். அதற்கும் கீழே, எனக்கே வெட்கமாக, ஒரு தெளிவு: அவள் சொல்வது சரி. நான் அவளுடைய இடத்தில் நின்றால் நானும் கொடுக்கமாட்டேன். தாய் என்றால் அப்படித்தான்.

லொறியிலிருந்து ரதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வட்ட முகம் மூட்டத்துக்குள் பகல் நிலவு மாதிரித் தெரிந்தது.

அப்போதுதான் திருவிழாக் காலம் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால், நேர்த்திக்கடன் வைத்த பெண்கள் மஞ்சள் சேலையோடு முந்தானையை ஏந்திக்கொண்டு வாசல் வாசலாக வருவார்கள். மடிப்பிச்சை. அம்மன் பேரில் மடி ஏந்தி வந்தவளுக்கு எந்த வீட்டிலும் இல்லை என்று சொல்லக் கூடாது. என் வாசலுக்கும் வருவார்கள். நான் சுளகில் அரிசியைக் கொண்டுபோய் முகத்தைப் பார்க்காமல் கொட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். கிளாக்கர் வீட்டுப் பெண் லயத்து வாசலில் மடி ஏந்தியதாக அந்தத் தோட்டத்தில் கதைகூட இல்லை.

நான் முந்தானையை அவிழ்த்தேன். இரண்டு கையாலும் விரித்து ஏந்தினேன்.

"மாரியம்மன் பேரில மடி ஏந்திறன், அங்கம்மா. எனக்கு அரிசி வேண்டாம். நீ வா."

"ஐயோ அம்மா, கையை எறக்குங்க" என்று அவள் பதறினாள். நான் இறக்கவில்லை. மழை தூறத் தொடங்கியது. ஏந்திய மடியில் தண்ணீர்தான் விழுந்தது. ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், "கிளாக்கரம்மா மடி ஏந்துறாங்கடி" என்று அழுகிற குரலில் சொன்னாள்.

அங்கம்மா உள்ளே போனாள். பிள்ளையிடம் என்னவோ கேட்கிற சத்தம். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஆத்தா பேரச் சொல்லிட்டீங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாயில்லீங்க. ஆனா ஆத்தாவத் தனியா விடக் கூடாது. எம் புருசன் எம்பிலிப்பிட்டிய பக்கம் வேலைக்குப் போயிருக்காரு. இந்த நேரத்துல வீட்டுக்கு வீடு ஆளு நொழையமாட்டாங்க. மடி ஏந்துனவங்கதான் உக்காரணும். நா உங்க புள்ளகிட்டப் போறேன். நீங்க எம் புள்ளகிட்ட இருங்க."

லொறியைத் திரும்பிப் பார்த்தேன். வேலூரிலிருந்து வந்த நாளிலிருந்து நான் கூட இல்லாமல் ரதியை எந்த ஆஸ்பத்திரிக்கும் விட்டதில்லை. ஊசி ஏற்றும்போது அவள் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வாள். வேறு விரலைப் பிடிக்கமாட்டாள்.

"சரி" என்றேன். எப்படி வந்தது அந்தச் சொல் என்று தெரியாது.

அங்கம்மா வேப்பிலைக் கொத்தை என் கையில் தந்தாள். "சொறிய விடாதீங்க. இதால தடவிக் குடுங்க. எளநி வச்சிருக்கேன், கேட்டா குடுங்க. இன்னொண்ணுங்க." தயங்கினாள். "வா, போன்னு பேசிறாதீங்க. இப்ப அது பூவாயி இல்லீங்க."

லொறி வளைவில் இறங்கி மறைந்தது. அதன் சத்தம் மட்டும் வெகுநேரம் மலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் குனிந்து, அந்தத் தாழ்ந்த நிலைப்படிக்குள் முதல் தடவையாக நுழைந்தேன். எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போன வருத்தம், எனக்குப் பயமில்லை.

ஒரு காம்பராதான். சாணி மெழுகின தரை, புகை படிந்த தகரம், மஞ்சளும் வேம்பும் கலந்த வாசம். பழைய வெள்ளைச் சேலையில் பூவாயி கிடந்தாள். நெற்றியிலிருந்து கால்வரை முத்து முத்தாக. கண்கள் பாதி மூடியிருந்தன. இந்தப் பிள்ளையை மனதுக்குள் எத்தனை சபித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கிட்டப் பார்த்தபோது, கோரைப்பல் ஒன்று விழுந்து புதுப்பல் பாதி முளைத்திருந்தது. ரதிக்கும் அதே பல்தான்.

நான் விசிறினேன். மழை தகரத்தில் விழுந்தது. விசிற விசிற அறை மெல்ல அசைந்து ஒரு வள்ளம் போல எங்கோ போய்க்கொண்டிருந்தது. அரைத் தூக்கத்தில் எனக்கு இரத்தினபுரி தெரிந்தது. ஆற்றோரத்து நீண்ட வார்டு, கட்டிலில் அங்கம்மா, மேலே தொங்கும் போத்தலில் இரத்தம் அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நெய் உருகினது மாதிரி மினுங்கியது. அது ஒரு குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ரதிக்குள் போனது. அவளுக்குள் நித்திரை கொண்டிருந்த நாயைத் தாண்டி, வாசலில் போய் ஒரு பெண் கை விரித்து நின்றாள். கள்ளன் வெளியே நின்று பார்த்தான். குறூப் பொருந்தாவிட்டால்? திடுக்கிட்டு விழித்தேன். இடுப்பில் சுருக்கென்றது. ரதிக்கு விடாய்க்கிறது. செம்பைத் தேடிக் கை நீண்டது. ரதி அங்கே இல்லையே. அழுகை வந்தது, அழுதேன்.

"தண்ணி" என்றாள் பூவாயி.

அவளுக்குத்தான் விடாய்த்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கிளாக்கரம்மாவைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளை. அந்தக் காய்ச்சலோடு கையை ஊன்றி எழும்பப் பார்த்தாள்.

"எழும்பாதேங்கோ" என்றேன். "படுத்திருங்கோ தாயே. நான் தாறன்."

இளநீரைச் சங்கால் வாயில் விட்டேன். குடித்தாள். "காலு வலிக்குது" என்றாள். மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அன்று பகல் முழுக்க அவள் சொன்னதை நான் செய்தேன். அடிக்கடி கண் அயர்ந்தேன், ஆனால் கை விசிறிக்கொண்டேதான் இருந்தது.

பொழுது சாயும்போது லொறிச் சத்தம் கேட்டது. அங்கம்மா நனைந்துகொண்டு வந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்து, ஆனால் சிரித்துக்கொண்டு.

"பொருந்திருச்சுங்கம்மா! ஊசியப் பாத்ததும் கண்ண மூடிக்கிட்டேன். அந்த நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்துல 'பய வென்ன எப்பா', பயப்படாதன்னு சொல்லித் தலையத் தடவுனாங்க. நம்ம ரதிக்கு ஏத்திக்கிட்டிருக்காங்க. ஐயா பக்கத்துல இருக்காரு. எங் கட்டவெரலப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லீங்க புள்ள. தூங்குன பொறகுதான் வந்தேன்."

உங்களைத் தவிக்க விட எனக்கு விருப்பமில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் கழித்து ரதிக்கும் வந்தது. வந்தது என்று சொல்வதே அதிகம். வயிற்றில் சில, முதுகில் சில. இலேசான காய்ச்சல். டொக்டர் ஒரு மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தினார், இன்னொன்றைக் கூட்டினார். நான் கட்டிலைச் சுற்றி நடந்தே தேய்ந்தேன். நெஞ்சுக்குள் இறங்கவில்லை, ஈரலுக்குள் இறங்கவில்லை, சிறுநீரகமும் தப்பியது. அந்தக் காய்ச்சலில் அவள் ஒரு கனவு சொன்னாள். மூட்டத்துக்குள் யாரோ அவளை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிறார்களாம். கூடைக் கயிறு நெற்றியில் அழுத்துகிறதாம். அது என்னுடைய கனவு இல்லை.

ஆனால் அந்த அந்தியில் எனக்கு இதெல்லாம் தெரியாது. திரும்பிப் போக லொறி நிற்கிறது, ஓடிப்போய் ரதியைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். பூவாயியின் காலை மடியிலிருந்து மெல்ல இறக்கி வைத்துவிட்டு எழுந்தேன். அங்கம்மா ஈரச் சேலையோடு நின்றாள். அவளுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாதீங்க. மடியில போட்டதுக்கு யாரும் நன்றி சொல்றதில்லீங்க" என்றாள்.

நிலைப்படியில் குனிந்தபோது பின்னால் கிடந்த பிள்ளை என்னைக் கூப்பிட்டது. இளகிய, தூக்கக் குரல். காய்ச்சலோடு அவள் இதையேதான் பகல் முழுக்க மென்றுகொண்டு கிடந்திருக்கிறாள்.

"அம்மா... ரதிய அடிக்காதீங்க. நாந்தான் அவளக் கூப்புட்டேன்."

நான் திரும்பிப் போய் அந்தச் சாணித் தரையில் முழங்காலிட்டேன்.

"அடிக்கமாட்டன் தாயே" என்றேன். "நீங்க நித்திரை கொள்ளுங்கோ."

அவள் கண்ணை மூடினாள்.